மஞ்சள் சீட்டில் எழுதாத சத்தம்

வாடிக்கையாளர் "ஒரு சத்தம் வருதுங்க" என்று வாய் திறந்ததும், கார் சர்வீஸின் வரவேற்பு மேசையில் இருக்கும் அவர் முதலில் மேசை விசிறியை நிறுத்துவார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். பேனாவின் மூடியைத் திறப்பார், எழுதமாட்டார்.

"அத அப்படியே வாயால போட்டுக் காட்டுங்க."

பெரிய மனிதர்கள் இந்த இடத்தில் தவித்துப்போவார்கள். டை கட்டி வந்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வதுபோல, "கொட… கொட…" என்பார்.

"கொடகொடவா, கடகடவா?"

"கொடன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க. இன்னொரு தடவ போடுங்க."

இரண்டு மூன்று முறை போட்டுக் காட்டிய பிறகுதான் பேனா தாளைத் தொடும். ஒரு மஞ்சள் சீட்டில், பொடி எழுத்தில், அந்தச் சத்தம் மட்டும். சீட்டை ஸ்டியரிங்கில் ஒட்டி வண்டியைப் பட்டறைக்குள் அனுப்பிவிடுவார்.

உள்ளே தலைமை மெக்கானிக்குக்கு அது போதும். கொடகொட என்றால் புகைக்குழாய்க்கு மேலே உள்ள தகடு ஆட்டம் கண்டிருக்கிறது. நறநற என்றால் சக்கரத்து பேரிங். கிறீச் என்றால் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. பதினான்கு வருடங்களாக அவர்கள் இருவரும் நேரில் பேசியதைவிடச் சீட்டில் பேசியதே அதிகம். பட்டறையில் அவருக்குச் சத்தக்காரர் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதுதான். அவர் காதில் விழாமல் இருக்குமா?

கார் கம்பெனி கடல் தாண்டி வந்தது. வந்த புதிதில் ஒரு நாளைக்குப் பதினைந்து வண்டி வரும். இப்போது நாற்பது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் அன்றும் ஆறு, இன்றும் ஆறு. அதில் இரண்டு, தூக்கினால் இறங்காது.

மாடியில், கண்ணாடிச் சுவருக்குள், அவர் மனைவியின் தம்பி கார் விற்றுக்கொண்டிருந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழே வரும்போது அன்றைய கணக்கோடுதான் வருவான்.

"மாமா, இன்னைக்கு மட்டும் ஏழு வண்டி."

"வித்துத் தள்ளுங்க மாப்ள. நாங்க வாங்கிக் கட்டிக்கிறோம்."

"வளர்ச்சின்னா சும்மாவா மாமா?"

"வளர்றவனுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல. அத யாரு பாக்கறது?"

இந்த ஆண்டு ஜனவரியில் தலைமையகத்திலிருந்து பகுதி அதிகாரி வந்தார். எல்லோரையும் காத்திருப்பு அறையில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார். மூன்றே வருடத்தில் விற்பனை இரண்டு மடங்கு. புதிதாகப் பதினொரு ஷோரூம். படத்தில் கோடு மாடிப்படிபோல ஏறிக்கொண்டே போனது. நின்று மூச்சு வாங்க எங்கேயும் இடம் இல்லை.

கடைசி வரிசையிலிருந்து சத்தக்காரர் கையைத் தூக்கினார். "லிஃப்ட் எத்தனை வருதுங்க சார்?"

"அது இரண்டாம் கட்டத்துல."

"ரெண்டாம் கட்டம் எப்ப சார்?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்," என்றார் அதிகாரி. சிலர் சிரித்தார்கள். அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை.

கூடவே மூன்று உத்தரவுகள் வந்தன. இனி காகிதம் கூடாது, எல்லாம் டேப்லெட்டில்தான். ஒரு வாடிக்கையாளருக்கு ஏழு நிமிடம், தாண்டினால் திரை சிவக்கும். வண்டியை எடுத்துப்போன வாடிக்கையாளருக்குக் கைபேசியில் ஒரு கேள்வி போகும், பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று. காலாண்டுச் சராசரி ஒன்பதுக்குக் கீழே போனால் அந்த ஆள் வரவேற்பு மேசையில் இருக்க முடியாது.

டேப்லெட்டில் சத்தத்துக்கு மூன்று கட்டம் இருந்தது. சத்தம், முன்புறம். சத்தம், பின்புறம். சத்தம், மற்றவை. உலகத்துச் சத்தமெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் சாவியைக் கொடுக்கும்போதே, "பத்து போட்டுடுங்க சார், பிள்ளைகுட்டிக்காரன்" என்பார்கள். சத்தக்காரருக்கு அது நாக்கில் வரவில்லை. ஏழு நிமிடத்தில் அறுத்துவிடும் பேச்சுக்கு எப்படிப் பத்து கேட்பது என்று கூச்சம். மேசை போனால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் இரண்டு வேளைச் சோற்றிலும் கலந்திருந்தது.

உத்தரவு வந்த அதே வாரம்தான் அந்தப் பெண் வந்தார். வீடுவீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோ. அவரிடம் இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.

"காலையில முதல் தடவை இடப்பக்கம் திருப்பும்போது. கறக். ஒரே ஒரு கறக். அப்புறம் நாள் முழுக்கக் கிடையாது. மூட்டு பிசகினா வருமே, அந்த மாதிரி."

பதினான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லை. கை தன்னால் மஞ்சள் சீட்டைத் தேடிப்போனது. இழுப்பறையைப் பாதி திறந்தவர், மேலே கேமராவைப் பார்த்துவிட்டு மூடினார். 'சத்தம், முன்புறம்' என்ற கட்டத்தைத் தொட்டார். ஐந்தே நிமிடம். திரை பச்சையாகவே இருந்தது.

மத்தியான வெயிலில் யாரோ வண்டியை இரண்டு சுற்று ஓட்டினார்கள். பதில் வந்தது: சோதிக்கப்பட்டது, குறை தென்படவில்லை.

அடுத்த மாதம் அவர் மறுபடி வந்தார். அதே கட்டம், அதே பதில். மூன்றாம் முறை பதிலைப் படித்துவிட்டு அவர் சாவியை உடனே எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்கிட்ட ஒருத்தர் காலையில தோள் வலிக்குதுன்னா, மத்தியானம் தொட்டுப் பாத்தேன், வலிக்கலன்னு நான் அனுப்பமாட்டேங்க."

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் சுட்டது. அன்று சத்தக்காரர் வீட்டில் பாதிச் சோற்றோடு எழுந்தார். மனைவி கேட்டதற்கு, "ஒரு கறக்கை முழுங்கிட்டேன்" என்றார். அவள் தம்பிக்குப் போன் போட்டு, மாமாவுக்குத் தொண்டையில் ஏதோ என்றாள்.

நான்காம் முறை, காலாண்டு முடிவதற்கு முந்தின நாள் மாலை வந்தார். மறுநாளோடு வண்டிக்கு வாரண்ட்டியும் முடிகிறது. நாளைக்குள் குறை பதிவாகாவிட்டால் அது இனி அவருடைய குறை, கம்பெனியுடையது அல்ல.

சத்தக்காரர் டேப்லெட்டைத் தொடவில்லை. விசிறியை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். "ராத்திரி வண்டி இங்கயே கிடக்கட்டும். குளிர்ந்து கிடக்கட்டும். காலையில எட்டு மணிக்கு நீங்களே வந்து திருப்புங்க."

காலை எட்டு மணிக்கு அவருடைய மேசைக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். அவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பின்முற்றத்துக்குப் போனார். பிசியோ ஸ்டியரிங் முன்னால். தலைமை மெக்கானிக், முன்பக்கத்து மூடியைத் திறந்து, ஷாக் அப்சார்பரின் உச்சியில் விரலை வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிறவர்போல.

"இடப்பக்கம் மெதுவா."

கறக்.

மூவரும் அசையவில்லை. மெக்கானிக் விரலை எடுக்காமலே சொன்னார். "உச்சியில இருக்குற பேரிங். ஒடஞ்சு கிடக்கு. இத எனக்குச் சீட்டுல எழுதியிருந்தா ஜனவரியிலயே பாத்திருப்பேன். ஏன் எழுதல?"

சத்தக்காரர் ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பிரித்துப் பார்த்து, படம் எடுத்து, வாரண்ட்டியில் பதிவு செய்ய மத்தியானம் ஆகிவிட்டது. இடையில் மேனேஜர், வேறு வழியின்றி, மச்சினனை மேசையில் உட்காரவைத்திருந்தார்.

"மாமா, எவ்வளவு நேரம்? ஒரு பெரியவர் எம்முன்னால வந்து டொக்கு டொக்குங்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்குக் கோவம் வந்துடுச்சு."

"டொக்குடொக்கா, டக்குடக்கா?"

"மாமா, அந்தாளு போயிட்டாரு."

ஐந்து பேரில் இருவர் அன்றே பதில் அனுப்பினார்கள். ஒருவர் ஆறு, இன்னொருவர் ஏழு.

மாலையில் பிசியோ சாவி வாங்க வந்தார். புது பேரிங் போட்டாயிற்று. "பத்துக்கு எத்தனைன்னு கேட்டு இந்தத் தடவையும் மெசேஜ் வருமா?" என்றார்.

"உங்களுக்குத் தோணுறத போடுங்க."

"நாலு தடவ அலஞ்சிருக்கேன்."

"ஆமாங்க." மன்னிப்புக் கேட்க நினைத்தார். கேட்டால் மதிப்பெண்ணுக்காகக் கேட்டதுபோல் ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண் சிரிக்காமல் போனார். வண்டி வாசலில் இடப்பக்கம் திரும்பியது. சத்தம் இல்லை.

அந்தக் காலாண்டில் சத்தக்காரருக்குப் பத்துப் பேர் பதில் அனுப்பியதாகப் பட்டியல் வந்தது. சராசரி எட்டு புள்ளி ஒன்பது. பிசியோவின் பதில் அதில் இல்லை. முட்டை போடக்கூட மனசில்லாமல் விட்டுவிட்டார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் விசாரிக்கவில்லை.

இப்போது அவர் புது ஷோரூமில், புதுக் கார் வாங்குபவர்களுக்குச் சாவி கொடுக்கிறார். பானெட்டின் மேல் சிவப்பு ரிப்பன் கட்டி, குடும்பத்தை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்க வேண்டும். குளிர்சாதனம் கூரைக்குள் எங்கோ ஓடுகிறது. நிறுத்த அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் சுவிட்ச் இல்லை.

"ராஜா வேலை மாமா," என்கிறான் மச்சினன். "புகார் கிடையாது, திட்டு கிடையாது."

"சத்தமும் கிடையாது மாப்ள."

பதினோராவது பதில் ஒன்று வந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வாடிக்கையாளர் கருத்துகளைத் தொகுக்கும் பிரிவில் இருந்த பெண், வேலையை விட்டுப் போகும்போது மச்சினனிடம் சொன்னது அது. மச்சினன் இன்னும் மாமாவிடம் சொல்லவில்லை. பிசியோ அன்று மாலையே பத்து போட்டிருந்தார். கீழே, 'இவர் காது கொடுத்துக் கேட்டார்' என்று எழுதியிருந்தார். ஒரே குறைக்கு நான்கு முறை வந்தவர் பத்து போட்டால் அது கைதவறிப் போட்டது என்று கொள்ள வேண்டும், கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி இருக்கிறது. சேர்த்திருந்தால் சராசரி சரியாக ஒன்பது.