கழுத்துமட்டும் பெற்றோல்

ஸைனுலாப்தீனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் றிஷானாவின் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டித் திருகோணமலைக்குப் போக வாசலில் கார் நிற்கிறது. கதவைத் திறந்தால் பெற்றோல் மணம். போன முறை கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது, சந்தியைத் தாண்டுமுன்னரே றிஷானா வாந்தியெடுத்துவிட்டாள். மீற்றருக்குப் பக்கத்தில் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு வேறு எரிந்துகொண்டேயிருந்தது.

கிண்ணியாவில் நோயாளிகளை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய பிழைப்பு. சுபஹு தொழுத கையோடு ஆட்களை ஏற்றிப் போவார். அவர்கள் மருந்தெடுத்து வரும்வரை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு காத்திருப்பார். ஊரை எல்லாம் ஏற்றிய காரில் சொந்த மகளை ஏற்ற ஏலாது என்பது அவரைத் தின்றது.

கராஜ்காரர் பார்த்துவிட்டு விளக்கிச் சொன்னார். தாங்கியில் எழும்பும் பெற்றோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் சின்னப் பம்ப் ஒன்று காரின் பின்பக்கத்தில் இருக்கிறதாம். அதன் ஓட்டில் வெடிப்பு விழுந்துவிட்டதாம். மாற்றலாம், ஆனால் அடுத்த கிழமைதான் கை ஒழியும் என்றார். அடுத்த கிழமை வரைக்கும் பிள்ளை பொறுக்குமா? உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் மச்சான் அலியார், வெட்டிய காரொன்றில் கழற்றிய பம்பை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டியும் அதோடு சேர்ந்தே வந்தது.

லுஹர் தொழுதுவிட்டு வேலையில் இறங்கினார். மனைவி மைமூனாவிடம் அடுப்பை அணைக்கச் சொன்னார். அணைத்தாயிற்று என்று சொன்ன பிறகும் குசினிக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பற்றரி வயரைக் கழற்றினார். முன்சில்லுகளுக்குக் கல் வைத்தார். கொஞ்சம் நடந்து போனவர் திரும்பி வந்து இன்னொரு கல்லும் வைத்தார். பின்பக்கத்தை ஜக்கால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் இருத்தி, சில்லைக் கழற்றி, உள்ளே தகட்டையும் எடுத்தபோதுதான் பம்ப் கண்ணில் பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், ஓடு நெடுக வெடித்திருந்தது. பிஸ்மி சொல்லிக் குழாயை இழுத்தார்.

பெற்றோல் கையில் வழிந்தது.

ஆவி மட்டும் ஓடவேண்டிய குழாயில் பெற்றோலுக்கு என்ன வேலை? கையைக் கழுவிவிட்டு, கிணற்றடிக்குப் போய் அலியாருக்கு ஸ்பீக்கரில் போன் எடுத்தார்.

"பெற்றோல் அடிக்கக்குள்ள டக்கெண்டு தானா நிண்ட பிறகும் அடிக்கிறீங்களா மச்சான்?" என்று அலியார் கேட்டார்.

ஸைனுலாப்தீன் கிணற்று வாளியை நகர்த்தி வைத்தார்.

"நீங்க கார் வாங்கினீங்களா, பெற்றோல் ஏத்துற பவுசர் வாங்கினீங்களா?"

அலியார் சிரித்தார். பெற்றோல் ஷெட்டுப் பொடியன்களுக்கும் இது தெரிந்த கதைதான். தானாக நின்ற பிறகும் மெல்ல மெல்ல அடிக்கச் சொல்வார் ஸைனுலாப்தீன். தானே இடுப்பைக் கொடுத்துக் காரை ஆட்டி, காற்றை வெளியேற்றி, கழுத்துமட்டும் நிரப்புவார். மிஞ்சியதெல்லாம் கரிப்பெட்டிக்குள் இறங்கி, பம்ப் வரை போயிருக்கிறது.

அப்படி நிரப்பப் பழகியது, நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமல் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அந்த வருசத்தில். றிஷானாவின் மூத்த மகன் ஸஜ்ஜாத் பிறக்க நோவெடுத்த அன்று கார் வெறும் தாங்கியோடு வரிசையில் நின்றது. காருக்குள் அவர். வீட்டிலிருந்து மைமூனாதான் மீன் லொறியொன்றை மறித்து மகளை ஏற்றிக்கொண்டு போனார். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த லொறி தன்னைக் கடந்து பாலத்துப் பக்கம் போனதை அவர் கண்டார். உள்ளே மகள் இருந்தது பிறகுதான் தெரியும். அல்லாஹ் காப்பாற்றினான், தாயும் பிள்ளையும் சுகம். அதன் பிறகு பெற்றோல் முள் கொஞ்சம் இறங்கினாலும் அவருக்குச் சோறு இறங்காது.

திரும்பி வந்து காருக்குப் பக்கத்தில் குந்தினாரே தவிர கை ஓடவில்லை. தூரத்தில் காற்றுப் பக்கம் பார்த்துக் கதிரையில் இருந்த றிஷானா போன் கதையைக் கேட்டிருந்தாள்.

"அண்டைக்கு நான் உங்களக் குறை சொல்லல்ல வாப்பா. மீன் லொறியிலயாவது ஏறினனான். இந்தக் காரில ஏறவே ஏலாம இரிக்கே."

அவர் ஸ்பானரை எடுத்தார். அலியார் அனுப்பிய பம்பையும் பெட்டியையும் பொருத்தினார். றப்பர் வளையம் சரியாக இருந்ததா என்ற சந்தேகத்தில் ஒருமுறை கழற்றிப் பார்த்துத் திரும்பவும் பூட்டினார். பற்றரி வயரைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணினார். மஞ்சள் விளக்கு எரியவில்லை. கதவுகளைத் திறந்துவிட்டு அசர் தொழப் போனார்.

தொழுதுவிட்டு நேரே ஷெட்டுக்கு. வேலை முடியட்டும் என்று அடிக்காமல் விட்டிருந்ததால் தாங்கி பாதிக்கும் கீழே கிடந்தது. அடித்துக்கொண்டே வந்து டக்கென்று நின்றது. பொடியன் வழக்கம்போல் ஒதுங்கி அவருக்கு இடம்விட்டான். இடுப்பு தன்பாட்டில் கார்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. லொறியில் இருந்து சொட்டிய தண்ணீர் ஞாபகம் வந்தது. கூடவே, இந்தக் காரில் ஏறவே ஏலாது என்று மகள் சொன்னதும் வந்தது. மூடியை வாங்கி இறுக்கினார்.

"போதும் தம்பி."

பொடியன் அவரை ஒருமாதிரிப் பார்த்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முள் நிறைவுக் கோட்டிலேயே நின்றது. ஆனாலும் அவருக்கு அது குறைவாகவே பட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகையில் மைமூனா பையோடு வாசலில் நின்றார். நோவெடுத்த றிஷானாவைப் பின்சீற்றில் ஏற்றினார்கள். கண்ணாடியைக்கூட அவள் இறக்கச் சொல்லவில்லை. பாலம் வந்தது. ஸலவாத்து வாயில் ஓட, அவர் கண் முள்ளுக்குப் போயிற்று. பாலத்தின் நடுவிலும் போயிற்று.

நோவுக்கு நடுவில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பெற்றோல் இவ்வளவும் காணும் வாப்பா. றோட்டப் பாருங்க."

"ஓம் மகள்" என்றார் ஸைனுலாப்தீன். ஒருதரம் மட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, றோட்டைப் பார்த்தார்.