பேர் வைக்கிற சவரிராயன்

வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு மூன்று தரம் தொண்டையைக் கொப்பளித்து, மூன்றாவது வாய் நீரை வரப்புக்கு அப்பால் துப்பிவிட்டு, ஒரு துண்டு சுக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் சவரிராயன் யாரோடும் பேசுவார். அதற்கு முன் பேச்சுக் கொடுத்தால் கையை மட்டும் ஆட்டுவார். கொட்டகைக்குள் நுழையும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அப்படியே குனிந்து, பாகூர் ஏரிக்கரைச் சாமி இருக்கும் திசையில் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சிடணும் தம்பி. எந்தப் பக்கத்துலேர்ந்து கல்லு வரும்னு யாருக்குத் தெரியும்?" என்பார்.

பயாஸ்கோப்புப் படத்துக்குக் கதை சொல்வது அவர் தொழில். துணியில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. மண்ணெண்ணெய்த் தகரத்தை வளைத்துச் செய்த ஒரு குழலை வாயில் வைத்துக்கொண்டு, அவர்கள் எல்லோருக்குமாக இவர் ஒருவர் பேசுவார். அறுப்பு முடிந்த வயலில், மாசி மாதம், விளக்கு வைக்கிற நேரத்தில் படம் தொடங்கும். வில்லியனூர்ப் பக்கத்தில் மாதா கோயில் உள்ள ஒரு கிராமம் அவருக்குச் சொந்த ஊர். வயது ஐம்பது இருக்கும். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, பிரான்சுக்குப் போய்ப் பெரிய சண்டையில் நின்றவர். கொண்டுவந்தவை ஒரு நீலக் கோட்டும், குண்டுச் சத்தத்தில் செத்துப்போன ஒரு காதும்தான். கோட்டில் விழுந்த பித்தான்களுக்குப் பதில் கொட்டாங்கச்சியில் செதுக்கித் தைத்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்தைக் கூட்டிப் படிப்பார். பேசினால் பாதி பட்டாளத்து வசவாக வருவதால், பங்குச் சாமியார் இருக்கும் இடத்தில் பேசமாட்டார்.

எங்கள் ஊரில் திரையைக் கொட்டகைக்கு நடுவில் கட்டுவார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். அந்தப் பக்கத்துக்கும் படம் தெரிய வேண்டுமே என்று இரண்டு ஆட்கள் பீச்சாங்குழலால் துணியை நனைத்துக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் இடப்பக்கம் பார்ப்பதைப் பெண்கள் வலப்பக்கம் பார்ப்பார்கள். சவரிராயன் நிற்பது திரை ஓரத்தில், ஆண்கள் பக்கம். அதிலும் முகம் ஜனத்தைப் பார்த்தபடி இருக்கும். படத்தை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். கேட்டால், "படத்தப் பாத்துகினு நின்னா ஜனத்த எப்பிடிப் பாக்குறது? ஜனத்தப் பாக்காம கத சொல்றவன் செவுத்துக்குச் சொல்றவன்" என்பார்.

அவரை ஊர் கொண்டாடியது பேருக்காக. பேர் என்றால் புகழ் இல்லை, நிஜமான பேர். பயாஸ்கோப்புக் கம்பெனி வண்டி காலையில் வந்து இறங்கியதும் தெருத்தெருவாகப் போய் மோர் வாங்கிக் குடித்து, ஊர்வம்பு கேட்டு, நாலைந்து பேர்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். சாயங்காலம் பார்த்தால், தொப்பி பறந்துபோய் ஓடுகிற குண்டு வெள்ளைக்காரனுக்கு எங்கள் நடேச ரெட்டியார் பேர். போலீஸ்காரனிடம் உதைபடுகிறவன் கள்ளுக்கடைச் சிங்காரவேலு. பாரீசுப் பட்டணம் புதுச்சேரியாகிவிடும், எந்தக் கடலும் எங்கள் ஏரியாகிவிடும். ரெட்டியாரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். தன் பேர் வரவில்லை என்று மனத்தாங்கல்பட்டவர்களும் உண்டு.

நான் மேரியில், அதாவது கொம்யூன் கச்சேரியில், எழுத்து வேலை பார்க்கிறவன். பிறப்பையும் சாவையும் கல்யாணத்தையும் பதிவது என் பொறுப்பு. ஊர் சமாசாரம் என் கையில் இருக்கிறது என்கிற மிதப்பு எனக்கு உண்டு. போன வருஷம் மாசியில் சவரிராயன் என்னிடம் வந்து, "தம்பி, இன்னிக்குப் புதுப் படம். நான் இன்னும் பாக்கல. ஒரு பொம்பளதான் படம் பூரா வர்றாளாம். நல்ல பொண்ணு பேரா ஒண்ணு குடு" என்றார். தனக்கொடி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அன்று காலைதான் அவள் சைகோனிலிருந்து புருஷன் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி வந்திருந்தாள், அந்தப் பேர் நாக்கிலேயே இருந்தது. அவள் குழந்தை ஆடி மாதம் காய்ச்சலில் செத்துப்போனதும் எனக்குத் தெரியும். பதிவு செய்தவனே நான்தான்.

படம் வழக்கம்போல ஓட்டமும் உதையுமாக இல்லை. கடலோரத்தில் ஒரு குடிசை, ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் குழந்தை. புருஷன் கப்பலில் போனவன், வரவில்லை. "இவதான் நம்ம தனக்கொடி" என்று சவரிராயன் குழலில் சொன்னதும் ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், பேர் கொடுத்தவன் என்கிற பெருமை வேறு. பிறகு அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். வெகு நேரம் வெறும் அலையைக் காட்டினார்கள். திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. குடிசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். அழவில்லை. அந்த முகத்தையே விடாமல் காட்டினார்கள்.

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. "கொழந்த இன்னாய்யா ஆச்சி? சொல்லுய்யா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். திரையில் பிரெஞ்சில் ஒரு வரி வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அந்த வரி, எனக்கே புரிந்தது. சவரிராயனுக்கும் புரிந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்ட ஜனத்துக்கு முன்னால் பதில் இல்லாமல் நின்று அவருக்குப் பழக்கமில்லை. குழலைத் தூக்கினார். "ஏரியில போட்டுட்டு வந்துட்டாய்யா தனக்கொடி. கள்ளப் புள்ள. புருசன் சைகோன்ல, இவ இங்க" என்றார். சைகோன் என்று அவர் சொன்னது குத்துமதிப்புதான். இந்தப் பக்கத்தில் தூரதேசம் போனவன் என்றால் சைகோன் என்றுதான் வாயில் வரும்.

ஆண்கள் பக்கம் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. மண்ணை அள்ளித் திரைமேல் வீசினார்கள். ஈரத் துணியில் மண் அப்பிக்கொண்டது, அந்தப் பெண்ணின் முகம் அதற்குள்ளேயே இருந்து பார்த்தது. என் கையிலும் ஒரு பிடி மண் இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது. அங்கே யாரோ எழுந்து போகிற சத்தம் கேட்டது. "தனம், நில்லுடி" என்று மருத்துவச்சி காசம்மாள் கூப்பிட்டாள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாளே என்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் அன்று அவளை வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தார்களாம்.

மறுநாள் ஊர் இரண்டு பட்டது. ஊர்வலத் தகராறில் பேச்சை விட்டிருந்த கோயில் தர்மகர்த்தா சாமிநாதனும் பங்குச் சாமியாரும் சேர்ந்து வந்து, படத்தைக் கொளுத்த வேண்டும் என்று ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் இன்னாசிமுத்து, "ஒரு தாயின் முகத்தை இவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்த மனுஷன் எவனோ, அவன் பெரியவன்" என்றார். அவரை ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், பாதிப் பேர் மண் வீசுவதற்காக. தண்ணீர்த்துறையில் மட்டும் பெண்கள் வேறு கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதைக் காசம்மாள்தான் கொண்டுவந்தாள். பட்டப்பகலில் கொட்டகைக்கு வந்து, சுக்கு மென்றுகொண்டிருந்த சவரிராயனுக்கு எதிரில் நின்றாள். நானும் இருந்தேன்.

"ஏன்யா, நேத்து படத்த நீ பாத்தியா?"

"பாக்காம கத சொல்வாங்களா?" என்றார்.

"அவ வூட்டுலேர்ந்து பொறப்படசொல்ல கொழந்த மொகத்த துணியால மூடுனா. பாத்தியா? உசுரோட இருக்குற புள்ளைய எவளாவது மொகத்த மூடித் தூக்குவாளா? அது முன்னாடியே செத்துப்பூட்ச்சிய்யா. பொதைக்கத் தூக்கிகினு போறா. இந்தப் பக்கம் குந்தியிருந்த அத்தினி பொம்பளைங்களுக்கும் தெரிஞ்சுது. தனமும் அப்பிடித்தான் மொகத்த மூடித் தூக்கிகினு ஏரிக்கரைக்குப் போனா. நான் கூடப் போனேன். நீ இன்னாத்தப் பாத்த?"

சவரிராயன் சுக்கைத் துப்பினார். "நான் ஜனத்தப் பாத்துகினு இருந்தேன்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. காசம்மாள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு கொழந்த எப்பிடித் தம்பி செத்துச்சி?" என்றார். காய்ச்சல் என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். நான்தான் எழுதினேன் என்றேன்.

"எழுதினவனா பேரு குடுத்த?"

கச்சேரிக்கு நேரமாயிற்று என்று நான் கிளம்பினேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மனுவுக்குப் பதில் வருவதற்குள் அன்று சாயங்காலமும் அதே படம் ஓடியது. அந்த இடம் வந்ததும் சவரிராயன் குழலை எடுத்து, "கொழந்த செத்துப்பூட்ச்சிய்யா, காய்ச்சல்ல. இவ பொதைக்கப் போறா. இவ பேரு தனக்கொடி இல்ல" என்றார். "யோவ், நேத்து சொன்ன கதையச் சொல்லுய்யா" என்று கூச்சல் போட்டார்கள். மறுபடி சொன்னார். "தனக்கொடி, தனக்கொடி" என்று கைதட்டிக்கொண்டே கத்தினார்கள், அவர் சத்தம் எடுபடவில்லை. ஆம், காய்ச்சல்தான், மேரியில் நான் எழுதியிருக்கிறேன் என்று நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரெட்டியாரும் சாமிநாதனும் என் வார்த்தையைத் தட்டமாட்டார்கள். ஆனால் எழுந்தால், அப்புறம் அந்தப் பேரை யார் கொடுத்தது என்ற கேள்வி வரும். நான் எழவில்லை.

ஏரியில் போட்டவள் என்கிற பேர் அதோடு அவளுக்கு ஒட்டிக்கொண்டது. சண்டையில் சொன்னார்கள், விளையாட்டிலும் சொன்னார்கள். யாரோ சைகோனுக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள், வைகாசியில் அவள் புருஷனிடமிருந்து கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி அவள் என்னிடம்தான் வந்தாள். 'ஏரியில் என்ன நடந்தது, உண்மையை எழுது' என்று ஒரே வரி. படித்துக் காட்டினேன். அந்தப் படத்துப் பெண்ணைப் போலவே அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சாவுப் பதிவின் நகல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன், யாரும் பார்க்காத வேளையில். விஷயம் கேள்விப்பட்ட சவரிராயன் அந்த நகலை வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய், சைகோன் கப்பல் ஏறுகிற ஒரு சொல்தாவின் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தார். பதில் இதுவரை இல்லை. இந்தக் கதையை எழுதும்போது அவள் பேரை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். காய்ச்சலில் செத்தது என்பதை அந்தப் பேரோடு எங்காவது சொல்லியாக வேண்டும், அதனால் மாற்றவில்லை.

இந்த மாசியும் கம்பெனி வந்தது. சவரிராயன் வெந்நீரில் கொப்பளித்தார், சிலுவை போட்டார், மண்ணைத் தொட்டார். காலையில் தெருத்தெருவாகப் போகவில்லை. மோர் வேண்டாம் என்றுவிட்டாராம். நான் போய்க் கும்பிட்டபோது கையை மட்டும் ஆட்டினார். சுக்கு ஏற்கெனவே கன்னத்தில் இருந்தது.

அன்றைய படத்தில் இரண்டு திருடர்கள் ஒரு கிழவியின் வீட்டில் புகுந்து அவளைக் கட்டிப்போடுகிறார்கள். முதல் திருடன் வந்ததும், "பேரு இன்னாய்யா?" என்று வழக்கம்போலக் கேட்டார்கள். சவரிராயன் குழலை ஆண்கள் பக்கமிருந்து திருப்பினார். ஏரிக்கரைத் தெரு இருக்கும் திசைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சவரிராயன்" என்றார். தனக்கொடியின் வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது, கொட்டகைச் சத்தம் அங்கே தெளிவாகக் கேட்கும். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. "பொய்ப் பேரு சொல்லிப் பொண்ணு மானத்தக் கெடுத்தவன் இவன்தான்" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

"ரெண்டாவது திருடன்?" என்று ஒருவன் கேட்டான்.

சவரிராயன் சுக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "அவன் பேரு எனக்குத் தெரியும். அவனே சொல்லட்டும்" என்றார். படம் கதை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் "சொல்லுய்யா, சொல்லுய்யா" என்று சத்தம், அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சவரிராயன் திரை ஓரத்தை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, தகரக் குழலை என்னிடம் நீட்டியபடி நின்றார்.