கவுதாரிக்கு எந்த நம்பர் குண்டு

கார்டில் இருப்பது ஒரே கேள்விதான். “தாங்கள் கேட்டுள்ள காற்றுத் துப்பாக்கியின் குழல் ஒன்றாம் நம்பரா, இரண்டாம் நம்பரா என்று தெரிவித்தால் அனுப்பி வைக்கிறோம்.” ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது; தமிழ் என்னுடையது. சென்னையிலிருந்த ஒரு துப்பாக்கிக் கடை, சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த என் சித்தப்பாவுக்கு எழுதியது. தபால் முத்திரையில் நவம்பர் 1958 தெளிவாகத் தெரிகிறது. நாள் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பியிருக்கிறது. தீபாவளி கழிந்து வந்தது என்பது என் ஞாபகம். இந்தக் கேள்விக்குச் சித்தப்பா 1959 மார்ச் கடைசியில் பதில் எழுதினார்.

இடைப்பட்ட மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை.

நான் அப்போது விருதுநகரில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, அப்பாவின் வத்தல் கடையில் உட்கார மனமில்லாமல், சித்தப்பாவின் ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்துக்கொள்ள என்று சிவகாசிக்கு வந்திருந்தேன். ஆகவே கார்டை விளக்கும் பொறுப்பு என்னுடையது. புள்ளிக்குப் பின்னால் நூற்றெழுபத்தேழு என்று போட்டிருந்த ஒன்றாம் நம்பர், புள்ளிக்குப் பின்னால் இருபத்திரண்டு என்று போட்டிருந்த இரண்டாம் நம்பரைவிட ஒல்லி என்பதை வீட்டில் யாரும் ஏற்கவில்லை. புள்ளியின் மகிமையைப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் காற்றுத் துப்பாக்கிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அதில் தீ கிடையாது. வெடிமருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பட்டாசு ஆலைகளுக்கு நடுவே நடப்பவனை ஊர் அன்போடு பார்ப்பதில்லை. ஊருக்கே வெடி செய்து அனுப்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமில்லாத துப்பாக்கியோடு கவுதாரி தேடிப் போனார்கள். அதில் யாருக்கும் விசித்திரம் தோன்றவில்லை.

சித்தப்பாவுக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. காலண்டர் சீசன் முழுவதும் மை வாடையில் கிடப்பார். ஞாயிறு காலை மட்டும் காட்டுக்குப் போவார். அந்த ஞாயிறுக்குத்தான் ஆபத்து வந்தது. 1958 ஆவணியில், பட்டாசு ஆலை வைத்திருந்த தன் கூட்டாளியின் ஒன்றாம் நம்பர் துப்பாக்கியை இரவல் வாங்கிப்போய் ஒரு கவுதாரியைச் சுட்டு, சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். அடுப்படியில் வைத்த சாக்கு சிறிது நேரத்தில் நடந்தது. கவுதாரி வெளியே வந்து, இறக்கையை இழுத்துக்கொண்டு அம்மிக்கு அடியில் போய் நின்று சித்தியைப் பார்த்தது. சித்தி அதைக் கூடையில் போட்டு மூடி, கம்பும் தண்ணீரும் வைத்தாள். மூன்றாம் நாள் செத்தது. அதைப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“ஒரே அடியில உசிரு போகணும். போகாத சீவனை என் அடுப்புல ஏத்த மாட்டேன். இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா துப்பாக்கியோட சேர்த்து நீங்களும் வாசல்லயே நின்னுக்கோங்க.”

சித்தப்பா ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லை மீறத் தெரியாதவர் என்பதால் அவருக்கு வேறு வழியும் இல்லை. ஒரே அடியில் கொல்லும் துப்பாக்கி கிடைக்க வேண்டும், அல்லது ஞாயிற்றுக்கிழமையைக் கைவிட வேண்டும். இரவல் துப்பாக்கிகளை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்து, சென்னைக்கு எழுதினார். அதற்கு வந்த பதில்தான் அந்தக் கார்டு.

யோசனை சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். பட்டாசுக்காரர் ஒன்றாம் நம்பர் கட்சி. சித்தியின் அண்ணன், வெம்பக்கோட்டைப் பக்கம் கம்பு விதைக்கிற சம்சாரி, இரண்டாம் நம்பர் கட்சி, எனக்கு மாமா. ஒல்லிக் குண்டு வேகமாக, நேராகப் போகும், வைத்த இடத்தில் படும் என்றார் பட்டாசுக்காரர்; ஆவணிக் கவுதாரி உடனே சாகாததற்குக் காரணம் குண்டு இல்லை, சுட்டவர் கை என்றும் சேர்த்துக்கொண்டார். தடித்த குண்டு மெதுவாகப் போனாலும் கனமாக விழும், பட்டது எழுந்திருக்காது என்றார் மாமா. பேச்சுவாக்கில், கொன்றால் பாவம் தின்றால் போச்சு, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி என்றும் கேட்டுவிட்டார். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சித்திக்கு அது கேட்டுவிட்டது.

“கொன்னாத்தானே அண்ணே அது? பாதி கொன்னா?”

மாமா அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

பேச்சில் தீராததைப் பரீட்சையில் தீர்க்கலாம் என்று சொன்னவன் நான். அந்த வயதில் நான் விஞ்ஞானக் கட்டுரைகளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அச்சாபீசின் பின்பக்கம், வர்ணம் விலகிப்போன காலண்டர் தாள்களைப் பலகையோரம் கட்டுக்கட்டாக நிறுத்தி, இரண்டு இரவல் துப்பாக்கிகளாலும் ஒரே தூரத்திலிருந்து சுட்டு, எது அதிகத் தாள்களைத் துளைக்கிறது என்று பார்ப்பது ஏற்பாடு. அந்த வருடம் எங்களிடம் அதிகம் ஓடியது முருகன்; ஆகவே அதிகம் வீணானதும் முருகன். மரியாதை கருதித் தாள்களின் முதுகுப்புறம் எங்களைப் பார்க்கும்படி நிறுத்தினோம். முதுகில் நுழைகிற குண்டு முன்பக்கம் எங்கே வரும் என்று மூவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான்காவதாக நின்ற நானும்தான்.

ஒன்றாம் நம்பர் அதிகத் தாள்களைத் துளைத்தது. கணக்கு முடிந்தது என்று பட்டாசுக்காரர் கையைத் தட்டினார். மாமா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏன்யா, கவுதாரி என்ன காலண்டரா? ஊசி ஆழமாப் போகும், உலக்கை ஆளைச் சாய்க்கும். உம்மை எதாலே அடிச்சா நீரு எந்திரிக்க மாட்டீரு?”

துளைப்பதை அளந்தோமே தவிர, சாய்ப்பதை எப்படி அளப்பது என்று எந்தக் கட்டுரையிலும் நான் படித்திருக்கவில்லை. சித்தப்பா இரண்டு பதில் கார்டுகள் எழுதி, இரண்டையும் கிழித்தார்.

வீணான தாள்கள் வழக்கம்போல எடைக்குப் போயின. மளிகைக் கடைக்காரர் அவற்றைக் கிழித்துப் பொட்டலம் கட்டினார். தை பிறந்த சில நாளில் சித்தி வாங்கிவந்த கடுகுப் பொட்டலம் வழியெல்லாம் ஒழுகியது. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அதைப் பிரித்துத் திருப்பியவள், முருகனின் நெஞ்சில் ஒரு துளையைக் கண்டாள். அடுத்த பொட்டலத்திலும் துளை, அதே இடத்தில். தெருவில் விசாரித்ததில், அந்த வாரம் பல வீடுகளுக்கு நெஞ்சில் துளையோடு முருகன் வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. சில வீடுகளில் மல்லியோடு, சில வீடுகளில் சீரகத்தோடு.

மத்தியானம் சாப்பிட வந்த சித்தப்பாவின் இலைக்கு முன்னால் தாளை விரித்து வைத்தாள்.

“இவரு ஒரே அடியில போயிட்டாரா, இல்லை இவரும் மூணு நாளு கிடந்தாரா?”

கவுதாரிக்கு வலிக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்ற விளக்கம் என் வாய் வரை வந்தது. சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் அது திரும்பப் போய்விட்டது. பங்குனி உத்திரத்துக்குச் சித்தப்பா முருகன் கோயிலுக்கு நடந்துபோய்ப் பால்குடம் எடுப்பது, அதுவரை வீட்டில் கறி கிடையாது என்று தீர்ப்பாயிற்று. வேட்டைக்கு வாகான தை, மாசி இரண்டும் விரதத்தில் கழிந்தன. கவுதாரிகளின் கோணத்திலிருந்து பார்த்தால், எங்கள் ஆராய்ச்சி அந்த இரண்டு மாதமும் முழு வெற்றி.

பால்குடம் எடுத்து வந்த மறுநாள் சித்தப்பா பதில் எழுதச் சொன்னார். இரண்டாம் நம்பர். நடந்த தூரமெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். ஒல்லிக் குண்டு தலையில் சரியாகப் பட்டால்தான் கொல்லும், தன் கை அவ்வளவு சரியில்லை. கை சரியில்லாதவனுக்குக் கனம்தான் துணை. தடித்த குண்டு தூரத்தில் தாழ்ந்துவிடும் என்பதால் இருபது தப்படிக்குள் வந்தால்தான் சுடுவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது. பல வருடம் கழித்து இந்த விஷயத்தைப் பற்றி நான் தேடிப் படித்தவற்றில் இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை. இதை அவர் நவம்பரிலேயே சொல்லியிருந்தால் முருகன் தப்பித்திருப்பார்.

துப்பாக்கி சித்திரையில் வந்தது. மாதக் கடைசி ஞாயிறன்று சித்தப்பாவும் நானும் மாமாவின் ஊருக்குப் போனோம். கிணற்றுப் பாசனத்தில் கோடைக் கம்பு கதிர் பிடித்திருந்தது. சுற்றியிருந்த கம்பங்காடுகளில் குருவி விரட்ட, தீபாவளிக்கு விற்காமல் தேங்கிய ஓலை வெடிகளை அவ்வப்போது கொளுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்போரத்துப் புதரில் மூவரும் உட்கார்ந்தோம். முதலில் வந்த கவுதாரி தூரம், சித்தப்பா விட்டுவிட்டார். இரண்டாவது, கம்புக்குள்ளிருந்து வெளியே வந்து, வேண்டிய தூரத்துக்குள் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக் குறி வைத்தார். விசையை அழுத்திய அதே நொடியில் பக்கத்துக் காட்டில் ஓலை வெடி வெடித்தது. கவுதாரி சாய்ந்தது. துடிக்கவில்லை, இறக்கையை அடிக்கவில்லை. மாமா ஓடிப்போய் எடுத்துப் பார்த்து, தலை தொங்குவதைக் காட்டினார். சித்தப்பாவின் கண் கலங்கியிருந்தது. அன்று அவர் வேறெதையும் சுடவில்லை.

வீட்டில் சித்தி சுளகை முன்னால் வைத்து இறகு பிடுங்கினாள். முடித்துவிட்டுத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். இறக்கைகளை விரித்து அடியில் பார்த்தாள்.

“ஏங்க, இது எங்கன பட்டுச்சு?”

“நெஞ்சுல” என்றார் சித்தப்பா.

“நெஞ்சு நல்லா இருக்கு.”

கூடவே வந்திருந்த மாமா வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். துளை இல்லை, ரத்தக் கட்டு இல்லை, கன்றல் இல்லை.

“எப்படியோ ஒரே அடியில போச்சுல்ல தாயி?” என்றார் மாமா.

“அடியைக் காணோமே அண்ணே. உங்க ஊருக்காரன் வெடியில பயந்து செத்ததை நம்ம மேல கட்டுறீகளா? தானாச் செத்ததை இந்த வீட்டுல ஆக்குறதில்லை.”

அறுத்துப் பார்த்தால் குண்டு உள்ளே இருக்கும், இரண்டாம் நம்பர் உள்ளேயே தங்குகிற ஜாதி என்று சித்தப்பா மன்றாடினார். அரிவாள்மனை சமைக்கத்தான், பிரேதப் பரிசோதனைக்கு இல்லை என்று சித்தி மறுத்துவிட்டாள். குண்டு இருந்தால் அவர் சொல்லைக் காப்பாற்றினவர். இல்லாவிட்டால் கவுதாரி அவரிடமிருந்து தப்பித்துச் செத்தது. இரண்டில் எது என்று தெரியாமலே அதைக் கொல்லையில் புதைத்தார்கள். சித்தப்பா மாலை வரை அந்த இடத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார், தோண்டவில்லை.

துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்று சித்தி சொல்லவில்லை. இருக்கலாம் என்றும் சொல்லவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் காட்டுக்குப் போனார். சுற்றுவட்டாரத்தில் வெடிச் சத்தம் முழுவதும் ஓயட்டும் என்று காத்திருப்பார். கதிர் அறுத்த பிறகுதான் அது ஓயும்; ஓய்ந்தால் கவுதாரி இருக்காது. நான் சிவகாசியில் இருந்த 1963 வரை அவர் எதையும் சுட்டு வந்ததாக என் குறிப்பில் இல்லை.

கண் வழியாகவோ, திறந்த அலகு வழியாகவோ குண்டு நுழைந்தால் வெளியே காயம் தெரியாமல் போகலாம் என்று பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். நாங்கள் மூவரும் அன்று கண்ணைப் பார்த்தோமா, அலகைத் திறந்து பார்த்தோமா என்று நினைவில்லை. பக்கத்துக் காட்டுக்காரரை 1962இல் விசாரித்தேன். தினமும் வெடி போட்டதாகவும் எந்தக் கவுதாரியும் செத்ததைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அந்தக் கவுதாரியின் மேல் இரண்டாம் நம்பர் குண்டு பட்டதா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.