காதர் பாயின் கருவியில் என் பாதி

காதர் பாய் காலமான செய்தி வந்தபோது, நான் அவரோடு சண்டை போடத் தயாராகிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு தடித்த நாவல். அதன் முடிவு சரியில்லை என்று மாலையில் அவரை வம்புக்கு இழுக்கலாம் என்றிருந்தேன். அவருடைய மகள் நஸீமா போனில் அழைத்து, "அத்தா போயிட்டாருங்க மாமா" என்றாள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் சொன்னாள். நாவலை மூடிப் பைக்குள் வைத்தேன்.

நம் வாசகர் வட்டத்தில் அவரை அறியாதவர் இல்லை. உக்கடத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கூட்டத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். யார் எவ்வளவு நேரம் அலசி ஆராய்ந்தாலும் முடிவில் எழுந்து, "அது சரிங்க, உங்களுக்குப் புடிச்சுதா இல்லீங்களா?" என்று கேட்பார். பேசியவர் திணறுவதைப் பார்ப்பதற்காகவே சிலர் வருவதுண்டு.

எங்கள் இருவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருந்தது. எந்தப் புத்தகமானாலும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்குவோம். முதலில் அவர் படிப்பார், பிறகு நான், அதன்பின் அது என் வீட்டு அலமாரிக்குப் போகும். கடைப் பென்சில் எப்போதும் அவர் காதில் செருகியிருக்கும். பிடித்த இடத்தில் ஓரத்தில் ஒரு கோடு, பிடிக்காத இடத்தில் ஒரு சுழி. நான் கதையைப் படித்தேனா, அவர் போட்ட கோடுகளைப் படித்தேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அப்படியிருந்த எங்களுக்கு நடுவில், மின்புத்தகம் படிக்கும் அந்த இ-ரீடர் கருவி வந்து சேர்ந்தது. அவர் மருமகன் வாங்கி அனுப்பியது. வழக்கமான பேக்கரி வாசலில், நல்ல வெயிலில், டீயும் தேங்காய் பன்னும் வந்ததைக்கூடக் கவனிக்காமல் அதன் பெருமையை அளந்தார். போன் மாதிரிக் கண் கூசாதாம். வெயிலிலும் அச்சடித்த தாள்போலத் தெரியுமாம். ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுமாம். ஓர் அலமாரியையே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாமாம். "தலகாணி சைசு புஸ்தகத்தைத் தூக்கி இனி கை வலிக்க வேண்டாமுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. நானும் குறைகளை அடுக்கினேன். நாம் தேடுகிற பழைய தமிழ்ப் புத்தகம் பாதிக்கு மேல் அதில் கிடைக்காது. படம்பிடித்துப் போட்டிருப்பதைத் திறந்தால் எழுத்து எறும்பு வரிசையாக இருக்கும். முன்பக்கத்தைச் சட்டென்று புரட்டி யாருக்கு யார் மாமன் என்று பார்க்க முடியாது. படித்ததை இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. கடைசியில் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "ஏனுங்க பாய், இதுல என்ற பாதி எங்கீங்க?"

அவர் சிரித்து, "நீங்களும் ஒண்ணு வாங்கிப்போடுங்க தங்கவேலு" என்றார். நான் வாங்கவில்லை. சக்களத்தியை யாராவது தன் வீட்டிலும் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்களா?

ஒருமுறை வட்டத்தில் அவர் பேச எழுந்தபோது கருவி அசையாமல் நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே பக்கம். நீங்கள் எல்லோரும் பதறினீர்கள். நான் மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அவரோ அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, நாவல் முழுவதையும் மனப்பாடம்போலச் சொன்னார். அதே நாவலை அச்சில் வைத்துக்கொண்டு பாதிகூடத் தாண்டாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று பொறாமை இரட்டிப்பானது. அவர் கோடு போடாத புத்தகங்கள் எனக்குச் சுலபத்தில் ஓடவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, கணவரை இழந்தவர்கள் வெளியாரைப் பார்க்காமல் இருக்கும் இத்தாவில் இருந்ததால் நஸீமாதான் வந்து பேசினாள். அந்த இ-ரீடரை என் கையில் கொடுத்து, "இதுல பாதி உங்களுதுன்னு அத்தா சொல்லிட்டே இருப்பாருங்க மாமா. அம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்றாள்.

திறந்தேன். பக்கத்தில் ஏழெட்டுச் சொற்கள்தான் இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் கடைப் பலகை எழுத்துப்போலப் பெரிது. பேரப்பிள்ளைகள் ஏதோ தட்டி விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"அத்தாவுக்கு அப்படித்தானுங்க தெரியும்" என்றாள் நஸீமா. "இது வர்றதுக்கு முன்னாடியே கண்ணு மங்கிப் போயிருச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா, தங்கவேலு தெனமும் வந்து உக்காந்து படிச்சுக் காட்டுவாரு, அவரு வேலவெட்டி கெட்டுப்போகும்னாரு."

உண்மைதான், போயிருப்பேன். வேலைவெட்டி கெட்டால் கெடட்டும் என்று போய் உட்கார்ந்திருப்பேன். எனக்கு உரிய அந்த வேலையைத்தான் இந்தக் கருவி தட்டிப் பறித்திருக்கிறது. அதன்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் தீரவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பக்கம் தள்ளி, என்னைவிட அதிகம் படித்துவிட்டுப் போன மனிதர்மேலும் தீரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் பாதியில் விட்டுப்போன ஒரு நாவல். எழுத்தைச் சிறிதாக்க எனக்குத் தெரியும், ஆக்கவில்லை. தினமும் மாலையில் அதே பேக்கரி வாசலில் உட்கார்ந்து, ஏழெட்டுச் சொல்லாகத் தள்ளித் தள்ளி, அவர் நிறுத்திய இடத்திலிருந்து படிக்கிறேன். டீ குடிக்க வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். வாய்விட்டுத்தான் படிக்கிறேன். இனி அவர் வேண்டாமென்று சொல்ல முடியாது.