வயர்மேல் கிடந்த துண்டு

குற்றாலத்தில் விடிந்ததிலிருந்து சாரல். ஈரத்தில் குளிர்ந்துபோன எங்கள் கார் கிளம்ப மறுக்கிறது. விடுதி ஜன்னலிலிருந்து தாழ்வாரத்தின் கீழாக வயர் இழுத்து, என்ஜினைச் சூடாக்க பானெட்டுக்குள் ஒரு பல்பை எரியவிட்டிருக்கிறேன். அருவியில் குளித்துவிட்டு வரும் ஒரு பெண் தன் ஈரச் சேலையை அந்த வயர்மேல் போடப்போகிறாள்.

“கண்ணு தெரியலையா? கரண்டு ஓடுது!” என்று கத்துகிறேன். வாசலில் நிற்பவர்கள் எல்லாரும் திரும்புகிறார்கள்.

அவள் சேலையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். “தெரியாது அண்ணாச்சி. இங்கன ஒரு துண்டு காயுதேன்னு, கொடின்னுல்லா நெனச்சேன்.”

அந்தத் துண்டு என்னுடையது. வயரை முறுக்கி ஒட்டுப்போட்ட இடம் நனையக் கூடாதென்று நான்தான் அதன்மேல் போட்டேன். இப்போது அதிலிருந்தே தண்ணீர் சொட்டுகிறது. சுவிட்சை அணைக்க ஓடுகிறேன். திரும்பி வரும்போதும் எல்லாரும் அவளைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் பார்ப்பதற்குள் நான் துண்டை உருவிச் சுருட்டிக்கொள்கிறேன்.