கண்ணாடி உடையாத ஏழாவது இடம்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். பிற்பாடு எதையாவது விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஷாப்பிங் மால் மேல்மாடியில் இருக்கிற கேம் சென்டரில் நடந்த கார் பந்தயத்தில் முதலிடம். அங்கே திரைக்கு முன்னால் ஸ்டீயரிங்கும் பெடல்களும் பொருத்திய நாற்காலிகள் நான்கு உண்டு. அவள் அங்கே வேலை பார்க்கிறவள் என்பதால் நல்ல நாற்காலிகளை வாடிக்கையாளர்களுக்கு விட்டுவிட்டு, பிரேக் பெடல் பாதியில் சிக்கிக்கொள்ளும் மூன்றாம் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. பரிசாக வந்த டி-ஷர்ட் ஆண்கள் அளவு. நான் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

இணையத்தில் நடக்கும் லீக்கில் ஒரு கோப்பை. கடைசிச் சுற்றில் அம்மா மிக்ஸி போட்டு வீட்டில் ஃபியூஸ் போனதே, அந்த வருஷம் இல்லை. அதற்கடுத்த வருஷம்.

டிரைவிங் லைசன்ஸ், மூன்றாம் முயற்சியில். முதல் இரண்டு தடவையும் பின்னால் பார்க்கத் தலையைத் திருப்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரையில் ஓட்டிப் பழகியவர்கள் தலையைத் திருப்புவதில்லை. பொத்தானை அழுத்தினால் பின்பக்கம் தெரிந்துவிடும்.

கடைசியாக, நிஜக் காரில், நிஜமான பந்தயத் தடத்தில் ஏழாவது இடம். ஏழாவதை ஜெயித்தது என்று எழுதலாமா என்று வீட்டில் இன்றுவரை தகராறு. எழுதுகிறவன் நான் என்பதால் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் மீதியும்.

நான் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவன். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள், குள்ளம், மூக்குக் கண்ணாடி போட்டவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ், வேன், ஆட்டோ எதில் ஏறினாலும் மூன்றாவது திருப்பத்தில் முகம் வெளுத்துவிடும். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகும்போது அவளுக்கு ஜன்னல் ஓரம், அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை, எனக்கு நின்றுகொண்டு வரும் இடம் என்று நிரந்தர ஏற்பாடு.

வண்டியில் உட்கார முடியாதவள் திரையில் கார் ஓட்ட ஆரம்பித்தது எங்களுக்கு ஒரு நிம்மதி. உடைத்துப் போட்ட ஒரு காரின் முன் சீட்டை எடுத்துவந்து, பலகையில் போல்ட் போட்டு இறுக்கி, புது ரெக்ஸின் தைத்து வீட்டில் அவளுக்கென்று ஒன்றைச் செய்துகொடுத்தேன். ஸ்டீயரிங் பழையது. அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"எல்லாம் இருக்குடா. இதுக்கு ஒரு காரு மட்டும் இருந்தா நல்லா இருக்கும்."

அந்தக் கார் ஒரு மெக்கானிக் ஷெட்டில் இருந்தது. ஷெட்டின் முதலாளி ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர். சொந்தமாக ஒரே ஒரு பந்தயக் காரை வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் ஒரு டிரைவரைப் பிடித்து ஓட்டவைப்பார். அந்த ஷெட்டுக்கு நான்தான் உறை தைக்கிறேன். அங்கே தலைமை மெக்கானிக்கை எல்லோரும் நூல் என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை மெஷின் வந்தாலும், காரின் நான்கு சக்கரமும் நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் நூல் கட்டித்தான் பார்ப்பார். அவர் முகமும் அப்படியே இருக்கும், இழுத்துக் கட்டியது மாதிரி.

அந்த ஷெட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்சுவரில், காரின் இன்ஜினை மூடுகிற பழைய பானெட் ஒன்று மாட்டியிருக்கும். பந்தயத்துக்குப் போய்க் காரை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவர் அதில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதலாம். முழுசாக என்றால் முழுசாக. பம்பரில் கீறல் கூடாது, பக்கவாட்டுக் கண்ணாடி ஆடக் கூடாது. எத்தனையாவது இடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அத்தனை வருஷத்தில் பானெட்டில் இருந்தது நான்கே கையெழுத்து. இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்த ஒருவர் அதில் இல்லை. இரண்டு தடவையும் ஒரு கதவைத் தனியாக எடுத்துக்கொண்டு வந்தாராம்.

அந்த வருஷம் டிரைவர் வேறு அணிக்குப் போய்விட்டார். திரையில் ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று முதலாளிக்கு யாரோ சொல்ல, கேம் சென்டரில் இருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருத்தி என் தங்கை. இன்னொருவன் அங்கே தினமும் வரும் ஒரு பையன். பட்டப்பெயர் ராக்கெட். திரையில் இரண்டு பேருக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான் வித்தியாசம். சில நாள் அவன் முன்னால், சில நாள் இவள்.

சோதனை ஓட்டத்துக்கு ராக்கெட் முதலில் போனான். நல்ல வேகம். முதலாளி சந்தோஷத்தில் என் தோளைத் தட்டினார். கார் திரும்பி வந்தபோது முன் பம்பர் தரையில் உரசிக்கொண்டு வந்தது. ராக்கெட் இறங்கி, "டைம் பார்த்தீங்களா சார்?" என்றான். நூல் பம்பரை மட்டும் பார்த்தார். கம்பி போட்டுக் கட்ட அரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு தங்கை. இரண்டு சுற்று நன்றாகப் போனாள். மூன்றாவது சுற்றில், பெரிய வளைவில் கார் பின்பக்கம் வழுக்கி, ஒரு முழு வட்டம் சுற்றி, புல்லில் போய் நின்றது. எதிலும் இடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நகரவும் இல்லை. எங்கள் பக்கம் இருந்த ரேடியோவில் டக் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது.

நூல் மைக்கை எடுத்தார். "என்னம்மா, அடிபட்டுச்சா?"

டக் டக் டக்.

"பேசும்மா. பட்டனை அமுக்கிட்டே இருக்கியே, என்ன சொல்ற?"

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள். "ரோட்டுல திருப்பி வைக்கச் சொல்லி அமுக்குறேன்."

திரையில் கார் தடம் மாறினால் ஸ்டீயரிங்கில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் கார் தானாக ரோட்டில் வந்து நிற்கும். நிஜக் காரில் அதே இடத்தில் ரேடியோ பொத்தான்.

நூல் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் மைக்கில், "அதுக்கெல்லாம் ஆளு இல்லம்மா. நீயே எடுத்துட்டு வா," என்றார். அன்று முதல் ஷெட்டில் அவளுக்கு டிவி என்று பெயர்.

திரும்பும்போது முதலாளி எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். தங்கை முன் சீட்டில், நானும் நூலும் பின்னால். பழைய பந்தயக்காரர் இல்லையா, பேசிக்கொண்டே விரட்டினார். "வேகம்னா ரத்தத்துல இருக்கணும்மா. கத்துக்குடுத்து வராது." மூன்றாவது திருப்பத்தில் தங்கை பையைத் துழாவினாள். கவரைச் சோதனை நடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்தச் சீட்டு உறை நான் தைத்தது. அடுத்த வாரம் மறுபடியும் தைத்தேன்.

வண்டியை ஓரம்கட்டித் தண்ணீர் கொடுத்தார்கள். முதலாளி சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "வண்டியில போனா வாந்தி எடுக்கிற பொண்ணைப் போயி..."

தங்கை வாயைக் கொப்பளித்துவிட்டு, "நான் ஓட்டுனப்ப வரல சார்," என்றாள். "இப்பதான் வந்துச்சு. நீங்க பிரேக்கை வெடுக்குனு மிதிச்சுட்டு, அதே சமயம் வெடுக்குனு திருப்புறீங்க."

முதலாளி மீதித் தூரத்தை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார்.

ஷெட்டில் போய் முடிவு சொன்னார். "வேகத்துக்கு ஆளு கிடைச்சிருவான். பம்பரை யாரு வாங்கித் தர்றது? எங்கிட்ட இருக்கிறது ஒரே காரு."

"டிவி சுத்துச்சு. ஆனா எதுலயும் இடிக்கல," என்றார் நூல்.

"சரி. ஒரே ஒரு ரேஸ். காரை முழுசாக் கொண்டுவந்தா இந்த வருஷம் பூரா நீதான் டிரைவர். எங்கேயாவது கொண்டுபோய்ச் சொருகினேன்னு வை, உனக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. இந்த வருஷம் கடையை மூடிட்டு வேற வேலை பார்ப்பேன்."

ராக்கெட்டை வேறொரு அணி அன்று சாயங்காலமே எடுத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை என்னிடம், "அண்ணா, வீட்டு ஸ்டீயரிங்குக்கு ஒரு உறை தைச்சுத் தா. அந்தப் பட்டன் இருக்கிற இடத்துல ஓட்டை விடாத," என்றாள். கெட்டித் தோலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் ஓட்டியதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. சுவரில் லேசாக உரசினாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்விடுவாள். அன்றைக்கு அவ்வளவுதான். இல்லாத காரை ஷெட்டில் விட்டுவிட்ட மாதிரி, அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுப்பாள். ஒருநாள் தண்ணீர் நிறைந்த டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு ஓட்டினாள். திரைக் கார் எப்படிப் போனாலும் டம்ளர் ஆடாது என்று சுட்டிக்காட்டினேன். கொஞ்சம் யோசித்து, தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

"என்னதான் பண்ற நீ?" என்று கேட்டேன்.

"பின்னாடி சீட்டுல நான் உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கிட்டு ஓட்டுறேன்," என்றாள். "எனக்கு வாந்தி வரக் கூடாது."

விளைவு, லீக்கில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவள் இருபதுக்குக் கீழே போய்விட்டாள். கேம் சென்டரில் ராக்கெட் எல்லோர் முன்னாலும் கேட்டான். "என்னக்கா, வண்டிக்குள்ள குழந்தை தூங்குதா?"

"ஆமாப்பா. நாற்காலியைத் துடைக்கணும், எந்திரி," என்றாள்.

பந்தயத்தன்று பதினாறு கார்கள். தங்கை குள்ளம் என்பதால் அவளுக்காகப் பஞ்சு வைத்துத் தைத்த முதுகு மெத்தையோடு நானும் அணியின் இடத்தில் நிற்க அனுமதி கிடைத்தது. கிளம்பும் வரிசையில் அவள் பன்னிரண்டாவது. ராக்கெட் நான்காவது.

முதல் வளைவிலேயே முன்னால் இருந்த மூன்று கார்கள் ஒன்றுக்குள் ஒன்று போயின. ராக்கெட் அதில் மாட்டாமல் நழுவி முதலிடத்துக்கு வந்துவிட்டான். உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அழகாக இருந்தது. ஏழு சுற்று அவன்தான் முன்னால். எட்டாவது சுற்றில் டயர்கள் சூடேறி வழவழத்துப் போயிருக்க, அவன் முதல் சுற்றில் திருப்பிய அதே வேகத்தில் திருப்பினான். கார் திரும்பவில்லை. தடுப்புக்கு அடுக்கியிருந்த டயர்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்து தரையில் உட்கார்ந்து, கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை யாரையும் முந்தியதாகத் தெரியவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால் ஆட்கள் குறைந்துகொண்டே இருந்தார்கள். கடைசிச் சுற்றில் அவள் ஏழாவது. அவளுக்கு நேர் முன்னால் ஆறாவது கார், டயர் தேய்ந்து தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. இவள் காரோ அப்போதுதான் கிளம்பியது போல இருந்தது. கடைசி வளைவுக்கு முன் உள்பக்கமாக ஒரு இடைவெளி தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

நூல் மைக்கில், "என்னம்மா பண்ற?" என்றார்.

"யோசிக்கிறேன்ணே."

முதலாளி மைக்கைப் பிடுங்கினார். "யோசிக்காத! உள்ள போ! போ!"

"அவரு எப்ப வேணும்னாலும் சாஞ்சு வழியை மூடிருவாரு சார். போனா கண்ணாடி போயிரும்."

"போனா போகட்டும்! போ!"

பிறகு ரேடியோவில், "ஒரே காருன்னு சொன்னீங்களே சார்," என்றாள்.

அவள் போகவில்லை. முன்னால் இருந்தவர் உள்பக்கம் சாய்ந்தார். இடைவெளி இருந்த இடத்தில் இப்போது அவர் கார் இருந்தது. தங்கை அவர் பின்னாலேயே வந்து கோட்டைத் தாண்டினாள். ஏழாவது.

காரை நிறுத்தி அவள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ஆறாவது வந்திருக்கலாம்ல?"

"வந்திருக்கலாம் சார்."

"பயந்துட்டியா?"

"பயம் இல்ல சார். அந்த இடத்துல எனக்கு லேசா வயித்தைப் புரட்டுச்சு."

நூல் இதற்குள் காரைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தார். பம்பரை ஓரம் ஓரமாகத் தடவினார். குனிந்து அடியில் பார்த்தார். இரண்டு கண்ணாடிகளையும் விரலால் தட்டினார். ஆடவில்லை. பிறகு பையிலிருந்து நூலை எடுத்து, அங்கேயே, அத்தனை பேர் நடுவில், காரின் இரண்டு பக்கமும் கட்டிப் பார்த்தார். ஐந்து டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுடைய கார்களை அப்போது கயிறு கட்டி இழுத்துவந்துகொண்டிருந்தார்கள்.

"நேரா இருக்கு," என்றார்.

முதலாளி கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்தார். "அடுத்த ரேஸ்ல ஆறாவதா வரணும். சொல்லிட்டேன்."

அடுத்த ரேஸ் என்று அவர் சொன்னதை முதலில் கவனித்தது நான்தான். தங்கை அதற்குள் வீட்டுக்குப் போகக் கவர் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஷெட்டுக்கு வந்ததும் நூல் பானெட்டைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து மேஜையில் வைத்தார். வெள்ளை பெயின்ட் பேனாவை நன்றாகக் குலுக்கி அவளிடம் கொடுத்தார். பாங்கிலும் லைசன்ஸ் ஆபீசிலும் அவள் முன்பு பெயர் எழுதிக் கொடுத்ததெல்லாம் அவர்கள் காட்டிய கட்டத்துக்குள் அடங்க எழுதியது. அதை நான் கையெழுத்தாகச் சேர்க்கவில்லை. இங்கே எங்கே போடுவது என்று யாரும் காட்டவில்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான்கு கையெழுத்துக்கும் கீழே, முழுப் பெயரையும் அவசரமில்லாமல் எழுதினாள். வழக்கப்படி அடியில் தேதியும் போட்டாள்: 13 பிப்ரவரி 2022, ஞாயிற்றுக்கிழமை.