வாசலில் வாசித்த பெயர்

நேற்று மாலை, நாங்கள் குடியேறியிருக்கும் வெளிநாட்டு ஊரான சட்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் ரூத் கதவைத் தட்டினாள். யூதச் சிறுமியான அவளுக்கு, மதக் கடமைகளை ஏற்கும் பன்னிரண்டாம் வயதுச் சடங்கு வருகிறது. அதையொட்டி ஒரு நற்பணியும் செய்யவேண்டும். நாஜிகள் கொன்ற, தன் வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துச் சபையில் வாசிக்கப்போகிறாளாம்.

"அவளுடைய பெயரை வாசிக்கச் சொந்தத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை, அங்கிள். வாசித்துக் காட்டட்டுமா?"

தாளை விரித்து உரக்க வாசித்தாள்.

யாழ்ப்பாணத்தில் போர் நடந்த காலத்தில் எனக்கு எட்டு வயது. முற்றத்தில் நின்ற ஆமிக்காரன் வீட்டுப் பதிவுத் தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தான். பெயர் கேட்டவர் வெளியே வந்து நிற்கவேண்டும். அப்பா, அம்மா, நான். அதோடு தாள் முடிந்தது.

"அண்ணையின்ர பேரை விட்டிட்டீங்கள்," என்றேன்.

ஆமி பிடிக்குமென்று பதிவில் பெயர் கொடுக்காத அண்ணை கூரைக்குள் ஒளிந்திருந்தான். அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது.

"அவன் செத்திட்டான் ஐயா. இவனுக்கு இன்னும் விளங்கேல்லை."

"செத்த ஆள் படம் எங்க?"

உள்ளே போன அம்மா, சாமிப் படத்து மாலையைக் கழற்றி அண்ணையின் பள்ளிக்கூடப் படத்துக்குப் போட்டுக் கொண்டுவந்தார். உயிரோடிருக்கும் பிள்ளையின் படத்துக்கு மாலை. ஆமிக்காரன் அதை நெடுநேரம் பார்த்தான். நான் கூரையைப் பார்த்துவிடாமல் இருக்க என் கால்விரல்களையே பார்த்தேன். பிறகு அவன் போனான்.

"அங்கிள், சரியாக வாசித்தேனா?"

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். மாடியிலிருந்த என் மகள், "யாரப்பா?" என்று கேட்டபடி வாசலுக்கு இறங்கி வரத் தொடங்கினாள்.

"வராதை!" என்று கத்திவிட்டேன்.